தொப்பி போட்ட வினைச்சொல்

(ஆர்.கே.பேட்டையில் நூலக வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பிரெஞ்சுக்காரர்களே வாயால் சொல்லக் கூச்சப்படும் ஒரு வினை வடிவம் இருக்கிறது. இங்கிலீஷ் இலக்கணப் பெயரில் சொன்னால் இம்பர்ஃபெக்ட் சப்ஜங்டிவ். பிரெஞ்சில் 'எம்பார்ஃபே துய் சுய்ப்ஷோன்க்தீஃப்'. நம் ஊர்ப் பெயரே நீளமாக இருக்கிறதென்று ஆர்.கே. என்று சுருக்கிக்கொண்டவர்கள் நாம். இவ்வளவு நீளப் பெயர் கொண்ட ஒன்றைப் பற்றி ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து கேட்க வந்திருக்கிறீர்களே, அதற்கு முதலில் நன்றி.

இதை ஏன் இங்கே பேச வேண்டும்? பிளஸ் டூவில் மொழிப்பாடமாகப் பிரெஞ்சு எடுக்கும் பிள்ளைகள் நம் மாவட்டத்தில் இருக்கிறார்கள். "பிரெஞ்சு எடுத்தால் மார்க் அள்ளலாம்" என்று யாரோ சொல்லி எடுத்தவர்கள்தான் அதிகம். அதில் தப்பில்லை. நம் மாவட்டத்திலேயே தேர்வாய்க் கண்டிகை சிப்காட்டில் மிஷெலின் டயர் ஆலை நடக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போனால் செயின்ட் கோபேன் கண்ணாடித் தொழிற்சாலை. இரண்டுமே பிரான்ஸ் கம்பெனிகள். வேலைக்கு உதவும் என்ற கணக்கும் சிலருக்கு உண்டு. அப்படிப் படிக்க ஆரம்பித்த ஒரு பெண், ஒரு பழைய இலக்கணப் புத்தகத்தை என்னிடம் கொண்டுவந்து, ஆறு வரிசைக்கு 'ஸ்', 'ஸ்' என்று முடியும் ஓர் அட்டவணையைக் காட்டி, "சார், இதையும் மனப்பாடம் பண்ணணுமா?" என்று கேட்டாள். இந்த உரை அவளுக்கான பதில். கொஞ்சம் நீளமான பதில்.

சப்ஜங்டிவ் என்றால் என்ன? நடந்ததை நடந்தது என்று சொல்லும் வினை ஒன்று. நடக்க வேண்டும், நடந்துவிடுமோ, நடந்தால் தேவலை என்று மனத்தில் நிற்பதைச் சொல்லும் வினை இன்னொன்று. பிரெஞ்சு இந்த இரண்டுக்கும் தனித்தனி உருவம் வைத்திருக்கிறது. ஆசை, பயம், கட்டளை, சந்தேகம் ஆகிய சொற்களுக்குப் பின்னால் வரும் வினை சப்ஜங்டிவ் உருவம் எடுத்தாக வேண்டும். 'அவன் வருகிறான்' என்பதில் ஒரு வடிவம். 'அவன் வர வேண்டும் என்று விரும்புகிறேன்' என்பதில் வேறொரு வடிவம்.

இதுவரைக்கும் சிக்கல் இல்லை. சிக்கல், விருப்பம் நேற்றைக்குப் போகும்போது வருகிறது. 'விரும்புகிறேன்' என்பதை 'விரும்பினேன்' ஆக்குங்கள். தமிழில் என்ன ஆகிறது? 'அவன் வர வேண்டும் என்று விரும்பினேன்.' பின்னால் இருக்கும் வினைதான் இறந்தகாலத்துக்குப் போயிற்று. 'வர வேண்டும்' அப்படியே உட்கார்ந்திருக்கிறது. இங்கே பாதி வீட்டில் தெலுங்கு பேசுகிறீர்கள், உங்களுக்கே தெரியும்: 'ராவாலனி கோருகுன்னானு'. அதிலும் 'ராவாலி' அசையவில்லை. மரபான பிரெஞ்சு இலக்கணம் இதற்கு ஒத்துக்கொள்ளாது. தலைமை வினை இறந்தகாலத்துக்குப் போனால், சார்ந்து வரும் வினையும் கூடவே இறந்தகால உடை மாற்றிக்கொண்டு போக வேண்டும். அந்த உடைதான் நாம் பேசும் இம்பர்ஃபெக்ட் சப்ஜங்டிவ்.

இனி அதை எப்படி உண்டாக்குவது என்று பார்ப்போம். பலரும் நினைப்பதுபோல இது கஷ்டமான விஷயமே இல்லை. பிரெஞ்சு வினைகளில் இதைவிட ஒழுங்கான வாய்பாடு கிடையாது என்றுகூட நான் சொல்வேன்.

பிரெஞ்சில் கதை சொல்வதற்கென்றே ஒரு எழுத்துவழி இறந்தகாலம் உண்டு. 'பாஸே சேம்ப்ள்' என்பார்கள். அதில் 'நீ' என்பதற்கு உரிய வடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'பார்லே' என்றால் பேசுதல். 'நீ பேசினாய்' என்பதற்கு 'துய் பார்லா'. எழுதும்போது கடைசியில் ஓர் 'எஸ்' இருக்கும், வாயில் வராது. தறிக்காரர்களுக்குச் சொல்கிறேன்: இதுதான் பாவு. பாவு ஓட்டியாயிற்று என்றால் மிச்சம் ஊடை போடுகிற வேலைதான். அந்த 'எஸ்' எழுத்தோடு இன்னும் ஓர் 'எஸ்', ஓர் 'இ' சேர்த்தால் 'பார்லாஸ்': நான் பேச வேண்டும் என்று அன்றைக்கு விரும்பினார்களே, அந்தப் பேசல். நீ என்றாலும் 'பார்லாஸ்'. நாங்கள் என்றால் 'பார்லாஸியோன்'. நீங்கள் என்றால் 'பார்லாஸியே'. அவர்கள் என்றால் மறுபடியும் 'பார்லாஸ்'.

அவன், அவள் என்ற படர்க்கை ஒருமையில் மட்டும் வேறு மாதிரி. அங்கே 'ஸ்' ஓசையே வராது. 'பார்லா' என்று நின்றுவிடும். எழுத்தில் கடைசி உயிரின் தலைமேல் ஒரு சின்னக் கூரை இருக்கும், அதன் பின்னால் ஒலிக்காத ஒரு 'டி'. சிர்கோன்ஃப்ளெக்ஸ் என்று அதற்குப் பெயர். பிள்ளைகள் தொப்பி என்கிறார்கள். நானும் தொப்பி என்றே சொல்கிறேன்.

எந்த வினையை எடுத்தாலும் இதே கதைதான். இருத்தல் வினைக்கு 'ஃபுய்ஸ்', படர்க்கையில் தொப்பியோடு 'ஃபுய்'. வருதல் வினைக்கு 'வேன்ஸ்', படர்க்கையில் தொப்பியோடு 'வேன்', மூக்கில் முடியும். இந்த 'உய்' ஓசை நம் நாக்குக்குப் புதிது. உதட்டை 'உ' சொல்வதுபோலக் குவித்துக்கொண்டு 'இ' சொல்லிப் பாருங்கள், வந்துவிடும். புதுச்சேரியில் கடற்கரைப் பக்கம் 'துய்மா வீதி' என்று பலகை மாட்டியிருப்பார்கள். அந்த 'துய்' இந்த ஓசையைப் பிடிக்கச் செய்த முயற்சிதான். பாவம், தமிழ் எழுத்து தன்னால் முடிந்ததைச் செய்திருக்கிறது.

விதிவிலக்கு வேண்டுமே என்று கேட்பவர்களுக்கு ஒன்று தருகிறேன். வெறுத்தல் என்ற வினை, 'ஆ-ஈர்'. அதன் 'ஐ' எழுத்தின் தலையில் ஏற்கெனவே இரண்டு புள்ளி உட்கார்ந்திருக்கிறது. ஒரு தலையில் புள்ளியும் தொப்பியும் சேர்ந்து வைக்க முடியாது அல்லவா? ஆகவே வெறுப்புக்கு மட்டும் தொப்பி கிடையாது.

இந்தத் தொப்பி எங்கிருந்து வந்தது? பழைய பிரெஞ்சில் அந்த இடத்தில் ஓர் 'எஸ்' ஒலித்துக்கொண்டிருந்தது. நேசித்தல் வினைக்கு லத்தீனில் 'அமாவிஸ்ஸெம்' என்று ஒரு வடிவம். அது தேய்ந்து 'அமாஸ்ஸெம்', அதுவும் தேய்ந்து பிரெஞ்சின் 'எமாஸ்'. மற்ற இடங்களில் இரட்டை 'எஸ்' ஆகத் தங்கிவிட்டது. படர்க்கை ஒருமையில் மட்டும் 'டி'க்கு முன்னால் தனியாக மாட்டிக்கொண்டு ஓசை செத்தது. எழுத்து மட்டும் ரொம்ப நாள் நின்றது. 1740-இல் பிரெஞ்சு அகாதெமி தன் அகராதியின் மூன்றாம் பதிப்பை வெளியிட்டபோது இப்படி ஓசையற்று நின்ற 'எஸ்' எழுத்துகளைப் பெருவாரியாகக் களைந்துவிட்டு, போன எழுத்துக்கு அடையாளமாகப் பல இடங்களில் தொப்பியை வைத்தது. 1990-இல் மறுபடியும் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. 'ஐ', 'யு' ஆகியவற்றின் மேலிருந்த தொப்பிகளை எடுத்துவிடலாம் என்றார்கள். ஆனால் நம் வினைமுடிவில் கை வைக்கவில்லை. பிரான்சில் தொப்பி பெரிய அரசியல். அதற்குள் நான் போகவில்லை.

தொப்பி அங்கே அலங்காரத்துக்கு இல்லை என்பதற்கு நம் மெட்ராஸ் கதையையே எடுத்துக்கொள்ளலாம்.

1746 செப்டம்பரில் மெட்ராஸ் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள். பிடித்தவர் லா பூர்தொனே, மொரீஷியஸ் தீவிலிருந்து கப்பற்படையோடு வந்தவர். புதுச்சேரியில் கவர்னர் துய்ப்ளெக்ஸ். லா பூர்தொனே, 11 லட்சம் வராகன் வாங்கிக்கொண்டு கோட்டையை இங்கிலீஷ்காரர்களிடமே திருப்பித் தருவதாக ஒப்பந்தம் பேசினார். துய்ப்ளெக்ஸுக்கு அது ஆகாது. ஆர்க்காட்டு நவாப் அன்வருத்தீனுக்கு ஏற்கெனவே வேறு வாக்குக் கொடுத்திருந்தார். மெட்ராஸுக்கும் புதுச்சேரிக்கும் இடையே இருவரும் கடிதத்தாலேயே அடித்துக்கொண்டார்கள். அதற்குள் அக்டோபர் புயல் கப்பல்களை உடைத்தது. லா பூர்தொனே கிளம்பிப் போனார்; துய்ப்ளெக்ஸ் ஒப்பந்தத்தைத் தூக்கிப் போட்டார்; நவாப்பின் படை அடையாற்றங்கரையில் தோற்றது. நாடு திரும்பிய லா பூர்தொனேவைப் பாஸ்தீய் சிறையில் அடைத்தார்கள். 1751-இல் குற்றமற்றவர் என்று விடுவித்தார்கள். கோட்டை என்ன ஆயிற்று? ஐரோப்பாவில் சமாதானம் ஆனதும் 1749-இல் இங்கிலீஷ்காரர்களுக்கே திரும்பிப் போயிற்று.

இந்தச் சண்டை முழுக்க எதைப் பற்றியது என்று பாருங்கள். யார் என்ன செய்தார் என்பதைவிட, யார் என்ன செய்ய வேண்டும் என்று யார் விரும்பினார், யாருக்கு உத்தரவு போட அதிகாரம் இருந்தது என்பதுதான் வழக்கே. நேற்றைய விருப்பம், நேற்றைய கட்டளை, நேற்றைய பயம். பிரெஞ்சு இலக்கணத்தில் அதற்கென்று விட்டிருக்கும் இடம் நம் இம்பர்ஃபெக்ட் சப்ஜங்டிவ்.

'திருப்பிக் கொடுத்தல்' என்ற வினையை எடுங்கள். 'அவர் கோட்டையைத் திருப்பிக் கொடுத்தார்' என்றால் பாஸே சேம்ப்ளில் 'ரான்தி'. 'அவர் கோட்டையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று விரும்பினார்கள்' என்னும்போது வரும் வினையும் 'ரான்தி'. காதுக்கு இரண்டும் ஒன்று. எழுத்தில் ஒரே ஒரு வித்தியாசம், இரண்டாவதன் 'ஐ' தலையில் தொப்பி இருக்கும். தொப்பி இல்லாவிட்டால் கோட்டை கைமாறிவிட்டது. தொப்பி இருந்தால் கைமாறவில்லை, ஆசை மட்டும்தான் பட்டார்கள். வாக்கியத்தில் மற்ற சொற்களும் துணைக்கு வரும் என்பது உண்மைதான். ஆனாலும் பூச்சி அரித்த காகிதத்தில், மை கலங்கிய இடத்தில், அந்தத் துணைச்சொற்கள் எப்போதும் நிற்பதில்லை. 1740-ஐ ஒட்டிய காலத்துக் கையெழுத்தில் சிலர் தொப்பி போடுவார்கள், சிலர் பழைய 'எஸ்' எழுத்தையே எழுதுவார்கள், அவசரக்காரர்கள் இரண்டையும் விட்டுவிடுவார்கள். இங்கே நிலப்பத்திரம் படித்துப் பழகிய பெரியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 'கொடுத்தார்' என்பதற்கும் 'கொடுக்க' என்பதற்கும் நடுவில் எத்தனை வழக்கு நடந்திருக்கிறது!

நம் தேசத்துச் சரித்திரத்தில் ஒரு பகுதி இந்த மொழியில் எழுதிக் கிடக்கிறது. புதுச்சேரிச் சபையின் கடிதங்களும் தீர்மானங்களும் 1911-இல் தொடங்கிய பிரெஞ்சிந்திய வரலாற்றுச் சங்கத்தின் முயற்சியில் தொகுதி தொகுதியாக அச்சாகியிருக்கின்றன. கவர்னராக இருந்த அல்ஃப்ரெத் மார்த்தினோ அதில் முன்னின்று உழைத்தார். மூலச் சுவடிகளில் பெரும்பகுதி பிரான்சில் எய்க்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரத்து ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அந்தக் காலத்தை ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் எழுதி வைத்தார், நமக்கு அது பெரிய அதிர்ஷ்டம். ஆனால் பிள்ளையின் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு எதிர்ப்பக்கத்தைப் படிக்காமல் விட்டால் பாதிக் கதைதான் கிடைக்கும். நம் பிள்ளைகளில் ஒருவராவது அந்த எதிர்ப்பக்கத்தைப் படிக்கிறவராக வர வேண்டும் என்பது என் ஆசை.

சரி, இவ்வளவு ஒழுங்கான, இவ்வளவு வேலை செய்த வடிவத்தை ஏன் பேச்சிலிருந்து விரட்டினார்கள்?

பிரெஞ்சு ஆசிரியர்களில் ஒரு கூட்டம், "ஜனங்கள் சோம்பேறி ஆகிவிட்டார்கள், மொழி கெட்டுவிட்டது" என்று புலம்பும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. முதல் காரணம், தாய் செத்தால் பிள்ளை எங்கே நிற்கும்? பாஸே சேம்ப்ள்தான் இதற்குப் பாவு என்று சொன்னேன். அந்தப் பாஸே சேம்ப்ள் பாரிஸ் ஜனங்களின் பேச்சிலிருந்து எப்போதோ போயிற்று. இன்று ஒரு பிரெஞ்சுக்காரர் 'நேற்றுப் பேசினேன்' என்று சொல்ல நம் பிள்ளைகள் முதல் வருஷத்திலேயே படிக்கும் பாஸே கோம்போஸேயைத்தான் எடுப்பார். 1942-இல் ஆல்பெர் காம்யு எழுதிய நாவல், வெ. ஸ்ரீராம் 'அந்நியன்' என்று பிரெஞ்சிலிருந்து நேரே தமிழுக்குக் கொண்டுவந்தாரே, அந்தக் கதை முழுக்க இந்தப் பேச்சுவழி இறந்தகாலத்தில்தான் நடக்கிறது. அது அன்றைக்கு இலக்கியத்தில் ஒரு துணிச்சல். தமிழில் இரண்டு இறந்தகாலத்துக்கும் 'போனேன்', 'வந்தேன்' என்ற ஒரே உடுப்புத்தான் என்பதால், நமக்கு அந்தத் துணிச்சல் கண்ணில் படாமல் போகிறது.

இரண்டாவது காரணம் ஓசை. இதில் நான் கொஞ்சம் நின்றுதான் போவேன், இது வேடிக்கையான இடம்.

பிரெஞ்சில் ஒரு பெயரோடு 'ஆஸ்' என்று சேர்த்தால் பல இடங்களில் இளக்காரம். 'பாப்பியே' என்றால் காகிதம். 'பாப்ராஸ்' என்றால் தாலுகா ஆபீஸில் மூலையில் கட்டிப்போட்டு வைத்திருப்பார்களே, அந்தக் காகிதக் குப்பை. பொன்னிற முடிக்கு 'ப்ளோன்'. சாயம் போன அசட்டுப் பொன்னிறத்துக்கு 'ப்ளோந்தாஸ்'. இப்போது 'பார்லாஸ்', 'எமாஸ்' என்று ஒருவன் காதலியிடம் சொன்னால் அவள் காதில் எப்படி விழும்? அறிதல் வினையின் கதை இன்னும் மோசம். 'சுய்ஸ்' என்று வரும். 'சுய்ஸ்' என்றாலே சப்பு என்றும் பொருள். குச்சி மிட்டாய்க்கு 'சுய்ஸேத்' என்றுதான் பெயர். 'நான் அறிய வேண்டும் என்று அவர் விரும்பினார்' என்று ஒரு பேராசிரியர் கம்பீரமாகத் தொடங்கினால், கடைசி பெஞ்சில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். அல்ஃபோன்ஸ் அலே என்ற நகைச்சுவை எழுத்தாளர் பெயரில் ஒரு பாட்டு வழங்குகிறது. காதலில் அடிபட்டவன் இந்த வடிவங்களை வரிசையாக அடுக்கிப் புலம்புவான். பிரெஞ்சுப் பள்ளிப் பிள்ளைகள் அதைப் படித்துச் சிரிக்காமல் இருந்ததில்லை.

நமக்கு இதில் ஒரு தனி லாபம் உண்டு. பிரெஞ்சில் 'மத்ராஸ்' என்று ஒரு பொதுப்பெயர் இருக்கிறது; கடைசி 'ஸ்' ஒலிக்கும். கட்டம் போட்ட பருத்தித் துணிக்கு அந்தப் பேர். இங்கிருந்து போன சரக்கின் பேர். கரீபியன் கடலில் குவாதலூப், மார்த்தினிக் தீவுகளில் பெண்கள் விழா நாளில் தலையில் கட்டும் துணிக்கு இன்றும் அதுதான் பேர். அம்மையார்குப்பத்திலும் இங்கேயும் லுங்கியில் கட்டம் ஓட்டுகிறவர்களுக்கு இது அந்நியச் சேதி இல்லை. ஆகவே நம் பிள்ளைகள் 'பார்லாஸ்' ஓசையை மறந்துவிட்டால் 'மத்ராஸ்' என்று சொல்லிக்கொள்ளலாம், எதுகை கச்சிதமாக நிற்கும். குவாதலூப்புக்குத் துணி மட்டும் போகவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களில் கப்பலேற்றிக் கரும்புத் தோட்டத்துக்குக் கூலிகளாக ஆயிரக்கணக்கில் ஆட்களை அனுப்பினார்கள். அது தனியாகப் பேச வேண்டிய கதை.

மூன்றாவது காரணம், அரசாங்கமே கைவிட்டது. 1901 பிப்ரவரி 26-இல் கல்வி அமைச்சர் ழோர்ழ் லேக் ஓர் ஆணை போட்டார். தலைமை வினை நிபந்தனை வடிவத்தில் இருந்தால், சார்ந்த வினையை நிகழ்கால சப்ஜங்டிவில் எழுதினாலும் தேர்வில் தப்பு போடக் கூடாது என்பது அதில் ஒரு விதி. 1976 டிசம்பர் 28-இல் ரெனே அபி அமைச்சராக இருந்தபோது வந்த ஆணை இன்னும் தாராளம். தலைமை வினை இறந்தகாலமாக இருந்தாலும் அதே சலுகை. இப்போது ஒரு பிரெஞ்சுக்காரர், 'அவன் வர வேண்டும் என்று விரும்பினேன்' என்பதைத் தலைமை வினையை மட்டும் இறந்தகாலமாக்கி, 'வர வேண்டும்' என்பதை நிகழ்காலத்திலேயே விட்டுப் பேசுகிறார். கவனித்தீர்களா? அவர்கள் கடைசியில் வந்து சேர்ந்தது நம் தமிழ், தெலுங்கு வாக்கியத்தின் வழிக்கு. நாம் முதலிலிருந்தே அங்கேதான் இருக்கிறோம்.

விரட்டினார்கள் என்றேன். முழுக்கப் போகவில்லை. ஒரே ஓர் இடத்தில் உயிரோடு இருக்கிறது: தொப்பி போட்ட படர்க்கை ஒருமை. 'பார்லாஸியோன்' என்று இன்றைக்கு ஒருவர் எழுதினால் கேலி செய்கிறார் என்று அர்த்தம், அல்லது தன்னைப் பெரிய படிப்பாளி என்று காட்டிக்கொள்ளும் அரசியல்வாதி என்று அர்த்தம். ஆனால் 'ஃபுய்', 'வேன்' ஆகியவற்றை நாவலிலும் வரலாற்று நூலிலும் இன்றும் தாராளமாகப் பார்க்கலாம். அதில் சீறுகிற 'ஸ்' இல்லை, காதை உறுத்தவில்லை, அதனால் பிழைத்துக்கொண்டது. 'அப்படியே ஆனாலும்', 'செத்தாலும் சரி' என்பதுபோன்ற நிலைத்த தொடர்கள் சிலவற்றிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

தமிழ் ஆசிரியர்கள் சிலர் வந்திருக்கிறார்கள், அவர்களுக்காக ஒன்று. நம் வியங்கோளை நினைத்துப் பாருங்கள். வாழ்க, வருக, ஒழிக. மனத்தில் நிற்கும் விருப்பத்தைச் சொல்லும் வினை. பிரெஞ்சு சப்ஜங்டிவின் ஒரு வேலையை இது செய்கிறது. 'வீவ் லா ஃப்ரான்ஸ்' என்று கோஷம் போடுகிறார்களே, அந்த 'வீவ்' சப்ஜங்டிவ்தான், நம் 'வாழ்க'வுக்கு நேர். வீட்டில் யாராவது பிள்ளையைப் பார்த்து 'சாப்பிட வருக' என்கிறோமா? 'வாடா, சோறு ஆறுது' என்கிறோம். ஆனால் ஃபிளெக்ஸ் பேனரில் 'வருக வருக', சுவரில் 'ஒழிக'. தொல்காப்பியர் வியங்கோள் தன்மையிலும் முன்னிலையிலும் நிலைபெறாது என்றார். அதாவது படர்க்கைக்கே உரியது. பல நூற்றாண்டு கழித்து வந்த நன்னூலார் மூவிடத்துக்கும் ஐம்பாலுக்கும் வரும் என்று கதவைத் திறந்துவிட்டார். பிரெஞ்சு எதிர்த்திசையில் போயிருக்கிறது. எல்லா இடத்துக்கும் வந்துகொண்டிருந்தது, தேய்ந்து தேய்ந்து படர்க்கையில் வந்து ஒண்டிக்கொண்டது. இரண்டு மொழிக்கும் உறவு ஏதும் இல்லை, இதிலிருந்து ஆராய்ச்சிக் கட்டுரை எதுவும் செய்துவிடாதீர்கள். ஆனாலும் 'நான் வாழ்க' என்று ஒருவன் சொன்னால் நமக்குச் சிரிப்பு வருகிறதே, அந்தச் சிரிப்புக்குப் பக்கத்து வீட்டுச் சிரிப்புத்தான் 'பார்லாஸியோன்' கேட்ட பிரெஞ்சுக்காரருடையது.

பள்ளியில் படித்தவன் வாயில்தான் பழைய இலக்கணம் கடைசிவரை நிற்கும் என்பதற்கும் உதாரணம் உண்டு. செனெகல் நாட்டின் முதல் குடியரசுத் தலைவர் லெயோபோல் செதார் செங்கோர், 1935-இல் பிரான்சின் கடினமான இலக்கண ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறியவர். 1983-இல் பிரெஞ்சு அகாதெமிக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆள வந்தவனின் இலக்கணத்தை ஆளப்பட்டவன் அவனைவிடச் சுத்தமாகக் கற்றுக்கொண்டு, அதை வைத்தே அவன் முன்னால் நிமிர்ந்து நின்ற கதை புதுச்சேரியிலும் உண்டு. 1873-இல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வழக்கறிஞர், நம் ஊர் உடையோடு காலில் பூட்ஸ் மாட்டிக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போனார். நீதிபதி வாதாட விடவில்லை. அவர் வழக்கைப் பாரிஸ் உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோய் ஜெயித்தார். அந்த வெற்றி பிரெஞ்சில் வாதாடிப் பெற்றது.

இனி அந்தப் பெண்ணுக்குப் பதில். மனப்பாடம் பண்ணணுமா?

வேண்டாம் அம்மா. பேசுவதற்கு வேண்டாம், கடிதம் எழுதுவதற்கு வேண்டாம், தொழிற்சாலையில் வேலைக்கு வேண்டவே வேண்டாம். டெல்ஃப் பி2 என்ற பிரெஞ்சுத் தேர்வு வரைக்கும் போகிறவர்களுக்குக்கூட நிகழ்கால சப்ஜங்டிவ் கையில் இருந்தால் போதும். அதைச் சரியாகப் பிடியுங்கள், அதில்தான் நம் பிள்ளைகள் மார்க்கை விடுகிறார்கள். ஆறு வரிசையையும் எழுத வைத்து நேரத்தைத் தின்னும் வாத்தியாரிடம், என் பெயரைச் சொல்லியே தாராளமாகச் சண்டை போடலாம்.

ஆனால் பார்த்தால் அடையாளம் தெரிய வேண்டும். அதற்கு மூன்று நாள் போதும். முதல் வேலை, பாஸே சேம்ப்ளைக் கண்டால் தெரிந்துகொள்வது. இரண்டாவது, கடைசியில் 'டி' இருந்து அதன் முன் உயிருக்குத் தொப்பியும் இருந்தால் நின்று கவனிப்பது: இது நடந்ததா, நடக்க வேண்டும் என்று நினைத்ததா? மூன்றாவது, இரட்டை 'எஸ்' வரும் இடத்தில் ஏமாறாமல் இருப்பது. முடித்தல் வினையின் 'ஃபினிஸியோன்' ஒரு பொல்லாத உருவம். 'நாங்கள் முடித்துக்கொண்டிருந்தோம்' என்பதற்கும் அதுதான். சப்ஜங்டிவ் நிகழ்காலத்துக்கும் அதுதான். நம் இம்பர்ஃபெக்ட் சப்ஜங்டிவுக்கும் அதேதான். மூன்று பேருக்கு ஒரே முகம். முன்னால் என்ன வினை நிற்கிறது என்று பார்த்துத்தான் பிரிக்க முடியும். இலக்கணம் நன்றாகத் தெரிந்தவர்களும் இங்கே தடுக்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன். பிரெஞ்சுப் பத்திரிகைகளிலேயே 'ஃபுய்' என்பதற்குத் தொப்பி போட வேண்டிய இடத்தில் விட்டுவிடுவதும், வேண்டாத இடத்தில் போடுவதும் சகஜம்.

எதைப் படித்துப் பழகலாம் என்று கேட்டால், வொல்தேரின் 'கான்தீத்' என்பேன். சின்னப் புத்தகம், வாக்கியங்கள் குட்டையாக இருக்கும், பக்கத்துக்குப் பக்கம் ஆபத்து, ஓட்டம். அது வெளிவந்தது 1759-இன் தொடக்கத்தில். அதே நாட்களில் லாலி என்ற பிரெஞ்சுத் தளபதி மெட்ராஸ் கோட்டையை முற்றுகை போட்டு முடியாமல் பின்வாங்கிக்கொண்டிருந்தார். 1761-இல் அவர் புதுச்சேரியை இழந்தார்; 1766-இல் பாரிசில் அவர் தலையை வெட்டினார்கள். அவருக்கு நடந்தது அநியாயம் என்று பின்னாளில் எழுதிப் போராடியவரும் இதே வொல்தேர்தான். முதலில் கான்தீத்தைப் படியுங்கள், கையில் பென்சில் வைத்துக்கொண்டு தொப்பி வரும் வினைகளின் கீழே கோடு போடுங்கள். முப்பது அத்தியாயம் முடிவதற்குள் கண் பழகிவிடும். அதற்குப் பிறகு லாலியைப் பற்றி அவர் எழுதியதைத் தேடிப் போங்கள், அதில் நம் ஊர்ப் பெயர்களெல்லாம் வரும். பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் அடையாளம் தெரியாமல் இருக்கும், சத்தமாக வாசித்தால் தெரிந்துவிடும்.